நடுநடுவே ஒரு முடிச்சு

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சுகம். உன் இருமல் விட்டதா? போனில் கூப்பிட்டால் உன் குரலைவிட மரம் அறுக்கிற சத்தம்தான் அதிகம் கேட்கிறது. அதனால்தான் பழையபடி பேனாவைப் பிடித்துவிட்டேன். அந்த மலை டிப்போவில் குளிர் தாங்கவில்லை என்றால் சொல். தையல் கூடத்தில் மிச்சம் விழுகிற துணியை உள்ளே வைத்து ஒரு கோட்டு தைத்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் வழக்கைத் திங்கட்கிழமை எடுத்துக்கொள்கிறார்கள். பனியில் பாதை மூடி, அப்பாவின் கடைசி முகத்தைக்கூட நீ பார்க்க முடியாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நீ பார்க்காமல் போனதற்கு யார் காரணமோ அவள் இப்போது கம்பிக்குள்ளே இருக்கிறாள். ஜாமீன்கூடக் கொடுக்கவில்லை.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. காளான் சூப் வைத்தது அவள். குடித்தது அப்பாவும், கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ரேடியோ ரிப்பேர்காரரும். அப்பா போய்விட்டார், அந்த மனிதர் எப்படியோ பிழைத்தார். அவள் ஒரு வாய் தொடவில்லை. இதற்கு மேல் நீதிபதிக்கு என்ன வேண்டும்? அம்மாவுக்கு ஊசி போட வந்த நர்ஸ், அம்மா கண்ணை மூடி வருஷம் திரும்புவதற்குள் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். எது மருந்து, எது விஷம் என்று அவளுக்குத் தெரியாதா? உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

அந்த வீட்டுப் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்று உன்னிடம் என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? ரொம்பக் கடுமையாக இருக்கிறேன் என்று அப்போது உன் மாமாகூடச் சொன்னார். இப்போது வாயைத் திறப்பதில்லை. போன மழைக்காலத்தில் உனக்கு லீவு தராமல் போனார்களே பாவிகள், தந்திருந்தால் அப்பாவைக் கடைத்தெருவிலாவது வைத்து ஒரு தடவை பார்த்திருப்பாய்.

நீ அனுப்பிய ஆப்பிள் வற்றல் தீர்ந்துவிட்டது. வளையங்களைக் கோத்திருந்த நூல் மட்டும் சமையலறை ஆணியில் தொங்குகிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்க நடுநடுவே எத்தனை முடிச்சுடா போட்டிருக்கிறாய், பொழுது போகாதவனே! கழற்ற மனம் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். இருமல் குறைந்திருக்கிறது. கோட்டெல்லாம் வேண்டாம், ஏற்கெனவே நாள் முழுக்கத் தையல் சரிபார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய்.

இங்கே வேலை அதிகம். லாரி லாரியாக மரம் இறங்குகிறது. கட்டி ஏற்றுவதற்கு ஆள் போதவில்லை.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். அது பச்சைக் காளானா, உலர்ந்த காளானா? எங்கே வாங்கினதாக அவர் சொல்கிறார்? பேப்பரில் அதெல்லாம் வந்திருக்கும். இங்கே பேப்பர் வருவதில்லை.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 3

என் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் மாமாவுக்கு மட்டும் பல்வலி. அவர் படுத்துகிற பாட்டைப் பார்த்தால் பல்லைவிட எனக்குத்தான் வலி அதிகம்.

அதென்ன "அவர்"? எப்போதிருந்து அவளுக்கு மரியாதை கூடியது? மலை ஏறினால் மனசும் ஏறிவிடுமா? சரி போகட்டும், நீ சின்னதிலிருந்தே யாரையும் திட்டத் தெரியாதவன். உனக்கும் சேர்த்து நான் திட்டிக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: உலர்ந்த காளான்தான். மார்க்கெட்டில் வாங்கினேன் என்று முதல் நாளே போலீசிடம் சொன்னாள். மார்க்கெட்டில் காளான் விற்கிறவர்கள் ஒருத்தர் விடாமல் கூண்டில் ஏறி, "இது நம்ம சரக்கே இல்லைங்க, இந்த ஜாதியை யாரும் விக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாள், நடக்கவில்லை. "எந்தக் கடை என்று காட்ட முடியுமா?" என்று நீதிபதியே கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

ரேடியோ ரிப்பேர்காரரைத் தோளில் கை கொடுத்து அழைத்து வந்தார்கள். பாதி ஆளாகிவிட்டார். "அவங்கதான் ஊத்தினாங்க. நல்லா இருக்குன்னு நான் ரெண்டாம் தடவையும் வாங்கிக் குடிச்சேன்" என்று சொல்லி அழுதார். அப்புறம் அரசு வக்கீல் அவளைக் கேட்டார்:

"நீங்க ஏன் குடிக்கலை?"

"எனக்குக் காளான் வாடை ஆகாது."

"ஆகாததை எதுக்கு சமைச்சீங்க?"

"அவருக்குப் பிடிக்கும்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்லுக்குக்கூட ஈரம் இருக்கும். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

கூடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன். ஒரு விசாரணையையும் விடப்போவதில்லை. அப்பாவுக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 28

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா இல்லையா, ஒரு வரி போட்டால் என்ன? தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலில் நிற்கிறேன். அவர் இப்போது என்னைப் பார்த்ததும் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

ஒரு புதிய சேதி. அவள் சமைத்தது போக மிச்சக் காளான் ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்ததாம். நூலில் கோத்துச் சரமாகத் தொங்கவிட்டிருந்தாளாம். போலீஸ் எடுத்து வைத்திருந்ததை இன்றைக்குத்தான் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் பின்வரிசை. முன்னால் ஒரு பெரிய உடம்புக்காரர் உட்கார்ந்து பாதி கோர்ட்டை மறைத்துவிட்டார். ஆனால் காதில் விழுந்தது போதும். "இது அவசரத்தில் நடந்த தவறில்லை. பறித்து, கோத்து, காயவைத்து, காத்திருந்து செய்தது" என்றார் அரசு வக்கீல். பார்த்தாயா, எவ்வளவு திட்டம்! ஆயுள் தண்டனை நிச்சயம் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள்.

அடுத்த தடவை கதவு திறப்பதற்கு முன்னாலேயே போய் முன்வரிசையைப் பிடிக்கப்போகிறேன்.

உன் மாமாவின் பல்லைப் பிடுங்கியாயிற்று. வீட்டில் அமைதி திரும்பியது.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கையில் மரச் சிராய் ஏறி வீங்கிவிட்டது. இப்போது பரவாயில்லை.

இங்கே பனி உருகி மழை பிடித்திருக்கிறது. மழை விட்டால் மேஸ்திரி எல்லாரையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போவார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை.

ஆயுள் தண்டனை என்றால் எத்தனை வருஷம் அக்கா? அவருக்கு இப்போதே அறுபது இருக்குமே.

தம்பி


மே 2

தம்பி,

முன்வரிசையில் இடம் கிடைத்தது.

அந்தச் சரத்தை ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார்கள். கை நீட்டினால் தொடலாம். காளானுக்குக் காளான் நடுநடுவே ஒரு முடிச்சு. நாள் முழுக்கத் தையலும் நூலும் பார்க்கிற கண் எனக்கு. பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சமையலறை ஆணியிலிருந்து ஆப்பிள் நூலைக் கழற்றினேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். திரும்ப மாட்டிவிட்டேன். அப்புறம் மறுபடி கழற்றி, தையல் பெட்டிக்கு அடியில் வைத்தேன். உன் மாமா "என்ன தேடறே?" என்று கேட்டார். ஊசி என்றேன்.

போன மழைக்காலத்தில் உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றுதானே எழுதியிருந்தாய்? ஆமாம், கிடைக்கவில்லை. யார் கேட்டாலும் நானும் அதையே சொல்வேன்.

இனிமேல் நான் கோர்ட்டுக்குப் போவதாக இல்லை. கூடத்தில் வேலை சேர்ந்துவிட்டது. நீயும் வழக்கைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். இருமல் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

லீவு கிடைத்தது அக்கா. இரண்டு நாள் அப்பா வீட்டில் தங்கினேன். அப்பா படியிறங்கி வந்து என் பெட்டியைப் பிடுங்கித் தானே தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அப்போது இருமல் மோசமாக இருந்தது. சித்தி மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் கொடுத்துக்கொண்டே இருந்தார். பச்சைத் தண்ணீர்தானே கூடாது என்றாய் என்று மனசுக்குள் உன்னிடம் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டே குடித்தேன். "உங்கக்கா காதுக்குப் போச்சுன்னா ரெண்டு பேரையும் உரிச்சு உப்புத் தடவிருவா" என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பயந்துகொண்டேதான் சிரித்தேன்.

கிளம்புகிற அன்று காலை நானும் அப்பாவும் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நடக்கப் போனோம். மழை பெய்து விட்டிருந்தது. மரத்தடியில் காளான் வெள்ளை வெளேரென்று முளைத்திருந்தது. இங்கே மேஸ்திரியோடு காட்டுக்குள் போய் நாங்கள் வருஷா வருஷம் பறித்துச் சாப்பிடுவதும் அப்படியேதான் இருக்கும். அதே குடை, அதே தண்டு. ஊர் மாறினால் அதுவும் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரிய மனுஷன் மாதிரி அப்பாவுக்குப் பாடம் நடத்தினேன். அவருக்கு ஒரே பெருமை. "என் பையனுக்குக் காடே தெரியும்" என்றார். இங்கே கோக்கிற மாதிரியே கோத்து, முடிச்சுப் போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டினேன். "நல்லாக் காஞ்சதும் சூப் வெச்சுக் குடிங்கப்பா" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

அப்பா போன சேதி வந்தபோது பாதை மூடியிருந்தது நிஜம். ஆனால் திறந்த பிறகும் நான் கிளம்பவில்லை. மார்க்கெட்டில் வாங்கியதாக இருக்கும், என்னுடையதாக இருக்காது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். சரம் என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அப்பாவைக் கொன்றது நான். ஒரு பாவமும் செய்யாத மனுஷி உள்ளே இருக்கிறார்.

வந்து சொல்லிவிடுகிறேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நீதானே எழுதினாய்? ஆனால் உன்னைக் கேட்காமல் ஒரு தடவை வந்ததற்கே இவ்வளவு ஆகிவிட்டது. இந்தத் தடவை கேட்டுவிட்டு வருகிறேன். வரட்டுமா அக்கா?

தம்பி


மே 30

தம்பி,

வராதே.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீ எழுதவும் இல்லை, நான் படிக்கவும் இல்லை.

சத்தியத்தை மீறினாயே என்று உன்னைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருக்கிறது. அறைந்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டும் முடியாத தூரத்தில் இருக்கிறாய்.

'அப்பாவைக் கொன்றது நான்' என்று இன்னொரு தடவை எழுதினாயானால் நான் உன் அக்காவே இல்லை. தெரியாமல் செய்ததற்குக் கொலை என்று பேரா? ஆனால் கோர்ட்டில் யார் அதைக் கேட்கப்போகிறார்கள்? இத்தனை மாதம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்றுதான் கேட்பார்கள். பெற்ற பிள்ளையே விஷம் வைத்தான் என்று பேப்பரில் படத்தோடு போடுவார்கள். தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் உன்னைப் பற்றிப் பேசுவார்கள். அம்மா போனாள், அப்பா போனார், இப்போது நீயுமா? எனக்கு வேறு யார்டா இருக்கிறார்கள்?

அவளுக்கு வக்கீல் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்ளட்டும். விடுதலை ஆனாலும் ஆகலாம். ஆகாவிட்டால், சொல்லவே கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன், அவளுக்காக அழ யாரும் இல்லை. உனக்கு நான் இருக்கிறேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். என்னைக் கெட்டவள் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்.

வராதே. இது என் தலைமேல் சத்தியம்.

அக்கா


ஜூன் 18

என் அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இந்தத் தடவை தபால்காரரைத் தேடி நான் வாசலுக்கும் போகவில்லை. இருமலோடு கிடக்கிறாயோ, சாப்பிட்டாயோ என்று நினைத்து நினைத்து எனக்கும் சோறு இறங்கவில்லை. சட்டைக்குக் காலர் வைக்கிற இடத்தில் கை வைத்துத் தைத்திருப்பதைப் பார்த்தும் பார்க்காமல் பாஸ் செய்து அனுப்பினேன். முதலாளி கூப்பிட்டு, "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்றார்.

வியாழக்கிழமை ஜெயிலுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதே. அவளுக்கு எவ்வளவு தெரியும், என்ன சொல்லப்போகிறாள் என்று ஆழம் பார்க்கத்தான் போனேன். நல்ல எண்ணத்தில் போகவில்லை.

நீளமான அறை. நடுவில் கம்பி வலை. பெயின்ட் உரிந்த மர ஸ்டூல். அந்தப் பக்கம் இருந்தவளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கோர்ட்டில் முக்காட்டுக்குள் மறைந்திருந்த முடி மொத்தமும் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வந்தால் எழுந்திருப்போமே, அப்படி.

"உக்காருங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"தம்பி வந்தது எனக்குத் தெரியும்" என்றேன். "நூல்ல கோத்தது அவன்தான்."

காவலுக்கு நின்ற பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசும்மா" என்றார்.

"ஏன் சொல்லலை? ஆயுசு பூரா உள்ள இருக்கணும்னு தெரியாதா உங்களுக்கு?"

"உங்கப்பா சொல்லிட்டுப் போனாரு. வாந்தி நின்னு ஒரு நாள் தெளிவா இருந்தாரில்ல, அன்னைக்கு. காளான்னு டாக்டர் சொன்னதுமே அவருக்குப் புரிஞ்சு போச்சு. என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. பையன் பேரு வரவே கூடாது, மார்க்கெட்ல வாங்கினதா சொல்லிருன்னாரு. பொழைச்சு வந்துருவார்னு நெனைச்சு சரின்னுட்டேன். அப்புறம் மாத்திச் சொன்னா யாரு நம்புவா?"

"தெரியாம செஞ்சதுதானே? போலீசுக்கு எதுக்கு இவ்வளவு பயப்படணும்?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபமாகப் பார்த்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"போலீசுக்கு எங்கம்மா பயந்தாரு? உனக்குத்தான் பயந்தாரு. 'அவளுக்குத் தெரிஞ்சா அவனைச் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டா. அவனுக்கு இருக்கறது அவ ஒருத்திதான்'னாரு. கடைசியா அவரு தெளிவாப் பேசினது அதுதான்."

தம்பி, அப்பா சாகும்போது எனக்குப் பயந்துகொண்டு செத்திருக்கிறார். நீ எனக்குப் பயந்து பெற்ற அப்பாவையே திருட்டுத்தனமாகப் பார்க்க வந்திருக்கிறாய். இவர் எனக்குப் பயந்து கம்பிக்குள் உட்கார்ந்திருக்கிறார். நான் என்னவோ உங்கள் எல்லாரையும் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அன்றைக்கு நான் அந்தச் சத்தியத்தை வாங்காமல் இருந்திருந்தால், நீ வந்ததும் காளான் பறித்ததும் எல்லாருக்கும் தெரிந்தே இருக்கும். முதல் நாளே உண்மை வெளியே வந்திருக்கும்.

நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். எழுந்து போனவர் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அவனுக்கு இருமல் விட்டுச்சா?"

தலையை மட்டும் ஆட்டினேன். சித்தி என்று கூப்பிட்டாயா என்று நீ கேட்பாய். கூப்பிட்டேன். ஆனால் கதவைச் சாத்திய பிறகுதான்.

வெளியே வந்து நேராக அவருடைய வக்கீல் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தையல் பெட்டிக்கு அடியில் வைத்திருந்த நூலை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் மேலும் வழக்கு வரும், தண்டனைகூடக் கிடைக்கலாம் என்று வக்கீல் ஒளிக்காமல் சொன்னார். உன் மாமாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்புறம், "அவனுக்குப் பின்னறையைச் சுத்தம் பண்ணி வை" என்றார்.

அதனால், வா. போன கடிதத்தில் போட்ட சத்தியத்தை நானே எடுத்துவிட்டேன், பழையதையும் சேர்த்து. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை அவர் தரப்புச் சாட்சி. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வா. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காராதே.

கூண்டில் ஏறியதும் என்னைத் தேடாதே. நான் பின்வரிசையில்தான் இருப்பேன். என் முகத்தைப் பார்த்தால் உனக்கு வாய் அடைத்துவிடும், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். சித்தியைப் பார்த்துச் சொல்.

அக்கா